தெற்குக் கரைக்கு ஒரு பட்டை

திங்கட்கிழமை மத்தியானம், ஊர் வீடுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில், தாமூசியின் பனிவண்டிக்கு அடியில் ஏதோ சடசடவென்று அடித்துக்கொண்டது. இறங்கிப் பார்க்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தார். ரப்பர்ப் பட்டை ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே பின்னியிருந்த நூல்கள் வெளியே தொங்கின. சுழலும் சக்கரத்தின் பற்கள் வந்து மாட்டுகிற ஓட்டைகளில் நான்கைந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பொத்தலாகியிருந்தன. தைத்து ஒட்டிச் சமாளிக்கிற கிழிசல் இல்லை அது.

மீதித் தூரத்தை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவருடைய தங்கை இலீசாபியின் கணவன் சவுலி காணாமல் போய் அன்றோடு ஆறு நாள். கடல்நாய் வேட்டைக்கென்று புதன்கிழமை காலையில் கிளம்பியவன் அன்று மாலை ரேடியோவில் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை தேடிப் போனவர்கள் இடுக்கில் அவனுடைய வண்டியைக் கண்டார்கள். இரண்டு தீவுகளுக்கு நடுவே, நீரோட்டம் கடல்பனியை அடியிலிருந்தே தின்கிற இடம் அது. உடைந்த பனிக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு பாறைத் திட்டின் மேல் வண்டி நிமிர்ந்தே நின்றிருந்தது. கொக்கி போட்டு இழுத்தெடுத்தார்கள். சவுலி இல்லை. அவன் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போன மரச்சறுக்கும் இல்லை. கூடாரம், அடுப்பு, எரிபொருள் டப்பாக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

சறுக்கும் சேர்ந்து முழுகிவிட்டது என்றார்கள் தேடுதல் குழுவினர். தாமூசி அப்படி நினைக்கவில்லை. இழுவைக் கயிறு அறுந்திருக்கவில்லை, கையால் கழற்றப்பட்டிருந்தது. மெல்லிய பனியைச் சோதிக்கும்போது சறுக்கைப் பின்னால் விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிப் பார்ப்பது சவுலியின் வழக்கம். வண்டி உள்ளே போயிருக்கும், அவன் நீந்தி ஏறியிருப்பான், சறுக்கு நின்ற பனிப்பாளமும் கையோடு உடைந்து, அவனையும் தூக்கிக்கொண்டு நீரோட்டத்தோடு போயிருக்கும். இடுக்கில் மிதக்கிற எதையும் கடல் தெற்குக் கரையில்தான் கொண்டுபோய் ஒதுக்கும். தாமூசியின் அப்பா காலத்தில் ஒரு படகு அப்படித்தான் கிடைத்தது.

குழுவினர் தலையாட்டிவிட்டு மேற்கேயும் வடக்கேயும் தேடப் போனார்கள். ஊரில் ஓடுகிற மற்ற வண்டிகள் பதினொன்றும் அந்தப் பக்கமே இருந்தன. விமானம் இரண்டு நாள் சுற்றியது. தெற்குக் கரை முழுக்க மூடுபனி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. தெற்குக்கு, இடுக்கை விட்டு விலகி, விரிகுடாவின் பனிக்கட்டி மேல் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும், நூற்றுப்பத்து கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை அங்கே போகலாம் என்று தாமூசி எரிபொருளெல்லாம் கட்டி வைத்திருந்தார். இப்போது பட்டை கிழிந்துவிட்டது.

கூட்டுறவுக் கடையில் ஜெய்ப்பீட்டி கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாமூசி விஷயத்தைச் சொன்னார்.

"ஆர்டர் போட்டா பத்து நாளுண்ணே," என்றான். "அதுவும் விமானம் வந்தா, மூடுபனி விட்டா, பைலட்டுக்கு வயித்துவலி இல்லாம இருந்தா."

"கடையில என்ன கெடக்கு?"

"உங்க வண்டி நீளத்துக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா அது உங்களுக்கு ஆகாது." அவன் பின்னறைக்குப் போய் ஒரு பெரிய கறுப்பு வளையத்தை உருட்டிக்கொண்டு வந்தான். பட்டை முழுக்க விரல் நீளத்துக்கு ரப்பர்ப் பற்கள் எழும்பி நின்றன. "பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் வந்தாரே, மலை மேல ஏறிப் பாக்கணும்னு அலைஞ்சாரு. அவர் கேட்டு வரவழைச்சது. இது வந்து எறங்குறதுக்குள்ள அவருக்கு ஊரு புளிச்சுப் போச்சு. ரெண்டு வருஷமா என்னையப் பாத்துப் பல்லக் காட்டிக்கிட்டே கெடக்கு."

தாமூசி ஒரு பல்லைக் கட்டைவிரலால் அழுத்தினார். எங்கோ தூரத் தெற்கு நாட்டு மலைகளில் இடுப்பளவு விழுகிற பூப்பனிக்குச் செய்தது, துடுப்பு மாதிரி. அவர் போகவேண்டிய விரிகுடாவிலோ காற்று வாரிக்கொண்டு போனது போக வெறும் பனிக்கட்டிதான், ஒரு கைப்பிடி உதிரிப்பனி கிடையாது. அங்கே வண்டி இந்தப் பற்களின் நுனியில் நொண்டிக்கொண்டு நிற்கும். பல் மடங்கும், சூடேறும், பிய்யும். அதைவிடப் பெரிய தொல்லை, பட்டை எதன்மேல் வழுக்கி ஓடுகிறதோ அந்த பிளாஸ்டிக் சறுக்குக்கட்டைகள். ஆணி அடித்த குட்டைப்பல் பட்டை என்றால் பனிக்கட்டியைக் கீறித் தூளாக்கி மேலே எறியும், அந்தத் தூள் பட்டுக் கட்டை குளிர்ந்துகொண்டே இருக்கும். இதில் ஆணியும் இல்லை, தூளும் வராது. கட்டை உருகிவிடும்.

ஜெய்ப்பீட்டி நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க வண்டியும் சவுலி வண்டியும் ஒரே நாள்ல, ஒரே கப்பல்ல வந்து எறங்குனது. அதுல போன வருஷம்தான் புதுப் பட்டை மாட்டுனாரு. குட்டைப்பல்லு, நூத்தம்பது ஆணி. தண்ணியில மூணு நாள் கெடந்தா இஞ்சின்தான் போவும், ரப்பருக்கு என்ன?"

"தெரியும்," என்றார் தாமூசி.

அவருக்குப் பட்டை கிழிந்த இடத்திலேயே தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிறவனின் வண்டியிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட அந்த ஊரில் யாரும் கழற்றமாட்டார்கள். சொந்தக்காரன் ஐந்து வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் வண்டி அப்படியே பனியில் புதைந்து கிடக்கும். செத்தவனுடைய வண்டிதான் குடும்பத்துக்குப் பொது. அதனால் ஒரு வண்டியைப் பிரிக்கிறார்கள் என்றால் ஊருக்கு அது ஒரு செய்தி.

இலீசாபி அந்த வண்டியைத் தன் வீட்டு ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாள். உப்புத்தண்ணீர் போகத் துடைத்திருந்தாள். தாமூசி உள்ளே போனபோது தேநீர் ஊற்றினாள். தரையில் அட்டையை விரித்து, உறைந்த மீனை அதன்மேல் வைத்து, கத்தியையும் கொடுத்தாள். அவர் இரண்டு துண்டு சீவிச் சாப்பிட்டார்.

"பட்டை கிழிஞ்சிருச்சாமே," என்றாள் அவளே.

"ஆமா."

"ஜெய்ப்பீட்டிகிட்ட இருக்காமே ஒண்ணு."

"அது விரிகுடாவுக்குத் தாங்காதும்மா."

அவள் தேநீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "அண்ணே, நீ எதைக் கேக்க வந்திருக்கன்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? கேக்காத. அவரு அந்தக் கரையில கூடாரம் போட்டு ஒக்காந்திருக்காரு. நீயே சொல்ற. நீ போய்க் கூட்டிட்டு வர்ற. வந்து எறங்குனதும் மொதல்ல எதைப் பாப்பாரு? வண்டியத்தான். பட்டை எங்கடின்னா நான் என்ன சொல்றது? நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சு எங்கண்ணனுக்குக் குடுத்துட்டேன்னா?"

"புரிஞ்சுக்குவான்."

"புரிஞ்சுக்குவாரு. ஆனா நான் அப்பிடி நெனச்சது இல்லன்னு ஆயிருமா?"

தாமூசி மீன் கத்தியைத் துடைத்து வைத்தார். உயிரோடு இருக்கிறவனிடம் போகத்தானே கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்கிற அளவுக்கு அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆறு நாள் ஆகிவிட்டது, நனைந்த ஆள் வேறு. பனி உடைவதற்குள் உடம்பையாவது கொண்டுவந்துவிடவேண்டும் என்பதுதான் அவர் மனசில் இருந்தது. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி. ஜெய்ப்பீட்டிகிட்ட உள்ளதையே மாட்டிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினார். ஊரை ஒட்டிய பனியில் வண்டி நன்றாகவே ஓடியது. விரிகுடாவுக்குள் திரும்பியதும் இருக்கை கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது, கூழாங்கல் மேல் போவது மாதிரி. இருபது கிலோமீட்டரில் நின்று பார்த்தார். பற்களின் நுனி வெளுத்திருந்தது. வேகத்தைக் குறைத்தார். நாற்பதாவது கிலோமீட்டரில் கருகிய வாடை வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டையைத் தொட்டவர் விரலை உதறினார். பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகி, பட்டையின் உலோக வளையங்களில் ஒட்டியிருந்தது. பற்களில் ஒரு வரிசையே காணோம். பின்னால் திரும்பிப் பார்த்தால், வந்த வழி நெடுகக் கறுப்புத் துண்டுகள் காக்கை இறகுபோலச் சிதறிக் கிடந்தன.

முன்னால் இன்னும் எழுபது கிலோமீட்டர். அவர் சற்று நேரம் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே தெற்குக் கரையின் மலைகள் கானலில் தூக்கலாகத் தெரிந்தன. மூடுபனி விலகியிருந்தது. துப்பாக்கியின் தொலைநோக்கியை எடுத்துக் கரையை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். அவ்வளவு தூரத்தில் கூடாரம் தெரியாது என்பது தெரிந்தும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

அரை மைலுக்கு ஒருமுறை நிறுத்தினார். கோடரியால் பனிக்கட்டியைக் கொத்தித் தூளாக்கிக் கட்டைகளுக்கு நடுவே திணித்துவிட்டு, மறுபடி அரை மைல் ஓட்டினார். மே மாதம், சூரியன் மறைவதில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது புதன்கிழமை மதியமாகிவிட்டது.

தூங்கி எழுந்து அவர் செய்தது இன்னும் கேவலமான வேலை. பட்டையைக் கழற்றி இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே மாட்டி, நீளப் பற்களை ஒவ்வொன்றாக ரம்பத்தால் பாதியாக அறுக்க ஆரம்பித்தார். குட்டையாக்கிவிட்டால் தாங்குமோ என்று ஒரு நப்பாசை. ஒரு பல்லுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. நூற்றுக்கணக்கில் இருந்தன. தன் வீட்டு ஜன்னலிலிருந்து இலீசாபி அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருதடவை ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளே ஆள் அனுப்பினாள். தாமூசி ரம்பத்தோடு போய் நின்றார். மேசைமேல் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தாள். தெற்கே பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து சவுலியின் அக்கா மகள் பேசிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"பொண்ணுதான் அத்தை," என்றது தொலைபேசி. "நர்ஸ் பேரு கேக்குறாங்க. நான் எதுவும் சொல்லல. நீங்க சொன்னா வைக்கிறேன். வேண்டாம்னா வேற வைக்கிறேன். நெசமாத்தான் அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல."

பெயர் என்றால் சவுலியின் பெயர். அந்த ஊர்க் குடும்பங்களில் மூச்சு நின்ற பிறகுதான் ஒருவர் பெயர் அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குப் போகும். ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை. பெயர் வைத்துவிட்டால் அந்தக் குழந்தைதான் அவர். செத்துப்போனவரை என்ன முறை வைத்துக் கூப்பிட்டார்களோ அதே முறையில்தான் குழந்தையையும் கூப்பிடுவார்கள். தாமூசிக்கு வைத்தது அவருடைய பெரியம்மாவின் அப்பா பெயர், அதனால் அந்தப் பெரியம்மா சாகும்வரை அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிட்டாள்.

இலீசாபி அண்ணனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்தாள். அதன் பல்லிடுக்கெல்லாம் கறுப்பு ரப்பர்த் துருவல்.

"அறுத்துட்டா தாங்குமா?" என்று கேட்டாள்.

தாமூசி உள்ளதைச் சொன்னார். "தாங்காது."

அவள் தொலைபேசி பக்கம் குனிந்தாள். "கொழந்தைய வாய்கிட்டப் புடிம்மா."

கொஞ்ச நேரம் துணி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய மூச்சு, ஒரு சிணுங்கல்.

"என்னங்க," என்றாள் இலீசாபி. வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறவனிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "வந்துட்டீங்களா?"

குழந்தை அழுதது. அந்தப் பக்கம் தாயும் அழுதாள். இலீசாபி தொலைபேசியை அணைத்துவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

முதல் போல்ட்டை அவள்தான் கழற்றினாள். சவுலியின் ஸ்பானர்கள் எது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும். தாமூசி கேட்கும் முன்பே அளவு பார்த்து எடுத்து நீட்டினாள். அடிச்சட்டத்தை இறக்கி, சங்கிலிப் பெட்டியைத் திறந்து, சுழல்தண்டை உருவி, பட்டையை வெளியே எடுக்கவே மாலையாகிவிட்டது. உப்பு பூத்திருந்ததே தவிர, ரப்பரில் ஒரு கீறல் இல்லை. சவுலி வண்டியின் சறுக்குக்கட்டைகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இடையில் ஜெய்ப்பீட்டி வந்து நின்றான். பிரித்துப் போட்ட வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

வெள்ளிக்கிழமை அதிகாலை தாமூசி புறப்பட்டார். செவ்வாய்க்கிழமை திரும்பிய இடத்தை ஒன்றரை மணி நேரத்தில் தாண்டினார். ஆணிகள் பனிக்கட்டியைக் கொறித்துத் தூளை வாரி எறிய, வண்டி அதன் பாட்டுக்கு ஓடியது. காலை பதினோரு மணிக்குத் தெற்குக் கரையை எட்டிவிட்டார். இரண்டு முனை தாண்டி மூன்றாவது முனையில், கரையோடு ஒட்டி நின்ற ஒரு பெரிய பனிப்பாளம் தெரிந்தது. அதிலிருந்து முப்பதடி மேலே, பாறை மறைவில் கூடாரம் இருந்தது. சறுக்கு அதன் வாசலில் நிமிர்த்தி வைத்திருந்தது, காற்றுக்குத் தடுப்பாக.

வண்டியை அணைத்துவிட்டுக் கூப்பிட்டார். "மச்சான்."

மறுபடி கூப்பிடவில்லை.

சவுலி தோல்களுக்குள் படுத்திருந்தான். உடைந்த இடது காலை இழுத்து நேராக்கி, அடுப்புப் பெட்டியின் பலகைகளை வைத்துக் கட்டியிருந்தான். கால் பாதம் வரை கறுத்திருந்தது. எரிபொருள் டப்பா இரண்டும் காலி. பாதி தின்ற கடல்நாய்க் கறி உறைந்து கிடந்தது. முகம் அமைதியாகவெல்லாம் இல்லை. தாடியில் உறைந்த பனியைத் தாமூசி விரலால் தட்டிவிட்டார். தலைமாட்டில் அலைநேரப் புத்தகம் விரித்தபடி இருந்தது. கடலோரத்தில் எல்லார் சட்டைப்பையிலும் இருப்பதுதான். நாளுக்கு இரண்டு நீரேற்றம், ஒவ்வொன்றுக்கும் நேரே சவுலி பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான். பனிப்பாளம் மறுபடி மிதந்து போகுமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முதல் கோடுகள் அழுத்தமாக இருந்தன, போகப்போக நடுங்கின. கடைசிக் கோடு வியாழக்கிழமை காலை நீரேற்றத்துக்கு. மாலைக்கு இல்லை.

தாமூசி புத்தகத்தை மூடினார். பிறகு வெளியே வந்து, ரேடியோக் கம்பியைப் பாறைமேல் விரித்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஊரில் எல்லார் வீட்டு அடுப்படியிலும் ரேடியோ திறந்திருக்கும். தாமூசி தன் பெயரைச் சொல்லி, இடத்தைச் சொன்னார். "கண்டுபுடிச்சாச்சு. கொண்டு வரேன்."

வழக்கமாகப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள். இப்போது இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அவள் குரல் வந்தது.

"அண்ணே. கூடாரம் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தான்மா. கால் ஒடஞ்சிருக்கு."

"எப்போண்ணே?"

தாமூசி பொத்தானை அழுத்தினார், விட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். முதல் நாளே போய்விட்டான் என்று சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் அந்த ரேடியோவில் யாரும் பொய் சொன்னதில்லை. அதில் ஒருவன் பனி கெட்டி என்று சொன்னால் இன்னொருவன் குழந்தை குட்டியோடு அதன்மேல் நடப்பான்.

"வியாழக்கிழமை," என்றார். "காலை நீரேத்தம் வரைக்கும் புத்தகத்துல கோடு போட்டிருக்கான்."

எங்கோ ஒரு வீட்டில் யாரோ தெரியாமல் பொத்தானை அழுத்தி, ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டு நின்றது.

"அப்ப, செவ்வாக்கிழமை இருந்தாரு."

"இருந்தான்."

"போன்ல நான் அவரக் கூப்புட்டப்ப?"

"அது தெரியாதும்மா. அது மட்டும் நெசமாவே தெரியாது." அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். "நான் ஒன்கிட்டக் கேக்க வந்திருக்கவே கூடாது. திங்கக்கிழமையே நானா எடுத்து மாட்டியிருக்கணும். ஜெய்ப்பீட்டி பட்டை தாங்காதுன்னு எனக்குத் தெரியும்."

அதை இல்லை என்று அவள் மறுக்கவில்லை. "விரிகுடா வாயில நேத்து ஒரு வெடிப்பு விட்டிருக்காம், ஜெய்ப்பீட்டி சொன்னான்," என்றாள். "கெழக்கே ஒதுங்கி வா. அவரு முகத்த மூடிக் கட்டு, தூள் அடிக்கும்."

"சரிம்மா."

தாமூசி கூடாரத்தைப் பிரித்து, அந்தத் துணியாலேயே சவுலியைச் சுற்றி, சறுக்கில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கினார். புத்தகத்தைத் தன் உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. கிழக்கே ஒதுங்கி ஓட்டினார். பாரம் இருந்தும் பட்டை ஓரிடத்திலும் வழுக்கவில்லை. ஊர் வரும்வரை வண்டியை அவர் நிறுத்தவேண்டியிருக்கவில்லை.